அம்மா நேர்ந்துகொண்ட சேத்துப்பட்டு நடை

என் தங்கைக்குச் சுகம் கிடைத்தால் ஆரணியிலிருந்து நடந்தே வந்து, திருவண்ணாமலை மாவட்டத்துச் சேத்துப்பட்டில் லூர்து அன்னையின் கெபியில் (குகை வடிவில் கட்டிய மாதா பீடத்தில்) அவள் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றுவதாக அம்மா நேர்ந்திருந்தார். சுகம் கிடைத்ததை அவர் கண்ணாரக் கண்டார்; நேர்த்திக்கடனைச் செலுத்தத்தான் அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. கண் மூடுவதற்கு இரண்டு நாள் முன்பு என்னைப் பக்கத்தில் அழைத்து, "மாதாவுக்குக் கடன் வைக்காதேப்பா" என்றார். பிப்ரவரி 11 லூர்து அன்னையின் திருநாள். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை, நானும் என் மனைவியும் தங்கையும் வேலூரில் ஆரணிப் பேருந்து ஏறினோம்.

பாகாயத்தைத் தாண்டும்போது தங்கை சன்னல் பக்கம் திரும்பிச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டாள். வழியில் கோவிலைக் கண்டால் நாம் செய்வதை அவள் மருத்துவமனை இருக்கும் திக்கைப் பார்த்துச் செய்தாள். அது எதற்காக என்பதைச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது.

விபத்தில் கணவரை இழந்த நாற்பது நாளுக்குள் அவளுக்குத் தூக்கம் போயிற்று. நடுஇரவில் எழுந்து உட்கார்ந்து, இறந்துபோன மாமியாரின் குரலில் பேசத் தொடங்கினாள். பெயர் என்ன என்று கேட்டால் அந்த அம்மாளின் பெயரைச் சொன்னாள். அறையில் இருந்த பாடுபட்ட சுரூபத்தை, சிலுவையில் அறையுண்ட இயேசுவின் உருவத்தை, சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். மந்திரித்த தண்ணீரைத் தெளித்தால் தெருவே கூடும்படி அலறினாள். மனித ஆன்மாவை வதைக்கிற எதிரி ஒருவன் உண்டு என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்த நம்பிக்கையின் பெயரால் நாங்கள் அவளுக்குச் செய்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

யாரோ சொன்னார்கள் என்று, ஓர் ஊரில் தனியாகச் செபவீடு நடத்தி வந்த ஒருவரிடம் அவளை அழைத்துப் போனோம். மூன்று வெள்ளிக்கிழமை. சேலையால் தூணோடு சேர்த்துக் கட்டி, புளிய விளாறால் அடித்தார். "வலி எல்லாம் பேய்க்குத்தான், உங்கள் தங்கைக்கு இல்லை" என்றார். அவள் திமிறாமல் இருக்க இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டவன் நான். மூன்றாவது வெள்ளிக்கிழமை வீடு திரும்பிய பிறகு அவள் கூச்சல் நின்றுவிட்டது, பேச்சும் நின்றுவிட்டது. முதுகு வளைந்து, தலை தொங்கி, சுவரோரமாகவே நடந்தாள். இறங்கிவிட்டது என்று அவர் மீதிப் பணத்தைக் கேட்டார். அம்மா அவள் முதுகுத் தழும்புகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே இரவெல்லாம் அழுதார்.

எங்கள் பங்குத் தந்தையிடம் போவதற்கு எங்களுக்கு ஏன் அத்தனை நாள் ஆயிற்று என்று தெரியவில்லை. அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. மாற்கு நற்செய்தியை எடுத்து ஒன்பதாம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். தீயிலும் தண்ணீரிலும் விழுந்த சிறுவனைத் தந்தை கொண்டுவருகிறார். இயேசு உடனே எதையும் அதட்டவில்லை. இது எவ்வளவு காலமாக இருக்கிறது என்று தந்தையை முதலில் விசாரிக்கிறார். "கேட்டீர்களா? ஆண்டவரே விவரம் கேட்ட பிறகுதான் கை வைத்தார்" என்றார் பங்குச் சாமி. பிறகு ஐந்தாம் அதிகாரம். கல்லறைகளில் அலைந்த அந்த மனிதனைச் சங்கிலியாலும் விலங்காலும் கட்டியவர்கள் ஊரார். இயேசு கட்டவில்லை, உன் பெயர் என்ன என்று கேட்டார். கடைசியில் அவன் ஆடை உடுத்தி, தெளிந்த அறிவோடு உட்கார்ந்திருந்தான். கூடவே வருகிறேன் என்று கெஞ்சியவனை ஆண்டவர் அவன் வீட்டாரிடமே திருப்பி அனுப்பினார். மூன்று வெள்ளிக்கிழமையும் என் தங்கையின் பெயரை அங்கே ஒருவரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

திருச்சபை பேயோட்டும் செபத்தை மறுக்கவில்லை, ஆனால் அதை யார் வேண்டுமானாலும் செய்யும் வேலையாக விடவில்லை என்பதையும் அவர் விளக்கினார். திருச்சபைச் சட்டம் 1172இன்படி, ஆயரின் தனிப்பட்ட, வெளிப்படையான அனுமதி பெற்ற குரு மட்டுமே அதைச் செய்யலாம். அந்தக் குருவும் பக்தியும் அறிவும் விவேகமும் நேர்மையும் உள்ளவராக இருக்க வேண்டும். நோய், அதிலும் மனநோய், வேறு காரியம் என்றும், அதைக் குணமாக்குவது மருத்துவத்தின் பணி என்றும் கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை நூலான மறைக்கல்வி ஏட்டின் 1673ஆம் எண் சொல்கிறது. ஆகவே முதலில் பாகாயம் போங்கள் என்றார். நான் வாரம் ஒருமுறை நற்கருணையோடு வருகிறேன் என்றும் சொன்னார், வந்தார்.

வேலூர் சிஎம்சி என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையம் 1957இல் தொடங்கப்பட்டது. நோயாளியோடு வீட்டாரும் உடன் தங்குவதை அங்கே தொடக்க காலம் முதலே சிகிச்சையின் பாகமாக வைத்திருக்கிறார்கள். அம்மாவும் நானும் முறை வைத்துத் தங்கினோம். முதல் நாள் மருத்துவர் நாற்காலியை என் தங்கைக்கு எதிரே இழுத்துப் போட்டு, முதலில் அவள் பெயரைக் கேட்டார், பிறகு எங்களைப் பார்த்து, "இது எவ்வளவு காலமாக இருக்கிறது?" என்றார். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். நாங்கள் இருவரும் அந்த வசனத்தை வாசித்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

ஒரே இரவில் எதுவும் நடக்கவில்லை. மருந்து, தூக்கம், பேச்சு, பல மாதம் கழித்து ஒரு நல்ல பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை), அதற்குப் பிறகு நற்கருணை என்று படிப்படியாகத்தான் அவள் எங்களிடம் திரும்பி வந்தாள். இடையில் சாமி சொன்ன ஒன்று மட்டும் எனக்கு மறக்கவே இல்லை. மத்தேயு 12இல், வெளியேறிய தீய ஆவி திரும்பி வந்து பார்க்கும்போது வீடு பெருக்கி அழகுபடுத்தப்பட்டிருக்கிறது, ஆனால் வெறுமையாய் இருக்கிறது. அது தன்னிலும் பொல்லாத வேறு ஏழு ஆவிகளோடு வந்து குடியேறுகிறது. "மூன்று வெள்ளிக்கிழமை வீட்டைப் பெருக்கினீர்கள், யாரைக் குடிவைத்தீர்கள்?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் சேர்ந்து செபித்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. அன்று இரவே அம்மா பழைய செபமாலையைத் தேடி எடுத்தார்.

ஆரணியில் இறங்கும்போது இரவு எட்டரை மணி. தேநீர் கடைக்கார பாய், எங்கள் கையில் செபமாலையைப் பார்த்துவிட்டு, "மாதா கோவிலுக்கா? எனக்கும் சேர்த்து வேண்டிக்கோங்க" என்று காசு வாங்க மறுத்துவிட்டார். அங்கிருந்து இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் நடை. அறுவடைக் காலம் ஆதலால் சாலையின் ஒரு பாதியில் நெல் காயப் போட்டுத் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள்; எதிரே லாரி வந்தால் ஒதுங்க இடமில்லை. பனியில் சால்வை நனைந்தது. நள்ளிரவுக்குள் என் மனைவியின் குதிகாலில் கொப்புளம் கண்டுவிட்டது.

நடந்துகொண்டே செபமாலை சொன்னோம். வெள்ளிக்கிழமை என்பதால் துயர மறையுண்மைகள், அதாவது இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் ஐந்து பகுதிகள். முதல் பகுதியின் பத்து மணிகளை நான் சொன்னேன். இரண்டாவது தொடங்கும்போது சாலையோரப் புளியமரங்களின் கீழ் வந்துகொண்டிருந்தோம். இயேசு கற்றூணில் கட்டுண்டு அடிபட்டதைத் தியானிக்க வேண்டும். என் வாய் எழவில்லை. புளியமரத்தையும் தூணையும் அவள் நினைத்துவிடுவாளோ என்று பயந்து, அதை விட்டு மூன்றாவதற்குப் போகலாமா என்றுகூட யோசித்தேன். அப்போது தங்கையே, நிதானமாக, "இயேசு கற்றூணில் கட்டுண்டு அடிபட்டதைத் தியானிப்போமாக" என்று எடுத்துக்கொடுத்தாள். பத்து மணிகளையும் அவளே சொன்னாள். முடிந்ததும், "அண்ணா, அவரையும் நாலு பேர் பிடிச்சுக்கிட்டுத்தானே இருந்திருப்பாங்க. அவங்களையும் சேர்த்துத்தானே மன்னிச்சார்" என்றாள். நான் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை முறை பாவசங்கீர்த்தனம் செய்தும் என்னை விட்டு இறங்காதது அந்த இருட்டில் இறங்கியது. என் மனைவி இருவரையும் எழுப்பி நடக்க வைத்தாள்.

நான்கு மணிக்கு ஒரு கிராமத்தில் வாசல் தெளித்துக்கொண்டிருந்த பாட்டி, கேழ்வரகுக் கூழைக் கரைத்து மூன்று சொம்பு கொடுத்தார். அந்தப் பாட்டியின் ஊர்ப்பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டோம்.

விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் ஆலயக் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தது. 1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பஞ்சத்தில் சோறின்றி மடிந்துகொண்டிருந்த இந்தச் சீமையின் ஏழைகளோடு நின்றவர், பாரிஸ் மறைபோதக சபையைச் சேர்ந்த தராஸ் அடிகளார். வட ஆற்காட்டின் அப்போஸ்தலர் என்று அவரைச் சொல்வார்கள். எங்கள் முன்னோர் அவர் காலத்தில்தான் திருமுழுக்குப் பெற்றார்கள் என்று அம்மா சொல்வார். அதனால் எங்களுக்குச் சேத்துப்பட்டு தாய்வீடு.

கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெளியே சாலையில் நிற்பவர்கள் மாலை, உப்பு மிளகுப் பொட்டலம், மெழுகுதிரி என்று கையில் திணித்து, இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள். ஒருவர் எங்கள் பின்னாலேயே வந்து, என் தங்கையை ஏற இறங்கப் பார்த்து, "இவங்களுக்குத்தானே? பக்கத்திலேயே ஒருத்தர் இருக்கார், ஒரே உட்காரலில் இறக்கிடுவார்" என்றார். எனக்குக் கை ஓங்கிவிட்டது. அவள் என்னைத் தடுத்து, "எனக்கு ஒண்ணும் இல்லீங்க. நன்றி சொல்ல வந்திருக்கோம்" என்றாள். மாதாவிடம் வருகிற நொந்த குடும்பங்களை வழியிலேயே மறித்து வியாபாரம் செய்கிறவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. கூட்டத்தில் ஒரு வாலிபனின் கையைத் துண்டால் கட்டி அவன் அப்பா பிடித்திருந்தார். என் தங்கை அவரிடம் போய் நெடுநேரம் தாழ்ந்த குரலில் பேசினாள். பாகாயம் என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தபோது துண்டு அப்பாவின் தோளில் இருந்தது.

மெழுகுதிரிக்கு அளவு வேண்டும் அல்லவா? அம்மா நேர்ந்துகொண்ட அன்றே தங்கையை நிற்க வைத்து, உச்சி முதல் பாதம் வரை வெள்ளை நூலால் அளந்து, அதைச் சுற்றித் தம் திருவிவிலியத்தில் வைத்திருந்தார். அந்த நூலைத்தான் கொண்டுபோயிருந்தோம். கெபிக்கு முன் என் மனைவி அதன் ஒரு நுனியைத் தங்கையைக் குதிகாலால் மிதிக்கச் சொல்லி, மறுநுனியை மேலே கொண்டுபோனாள். நூல் நெற்றியோடு நின்றுவிட்டது. நான்கு விரற்கடைக்கு மேல் குறைந்தது. தப்பாகப் பிடித்திருக்கிறாள் என்று நான் வாங்கிப் பிடித்தேன், அதே குறைவு. அம்மா அளந்த நாளில் அவள் கூனிக் குறுகி நின்றிருந்தாள் என்பது அப்போதுதான் புரிந்தது. லூக்கா 13இல் பதினெட்டு ஆண்டுகள் நிமிர முடியாமல் இருந்த பெண்ணை ஆண்டவர் அருகே அழைத்து, சாத்தான் கட்டி வைத்திருந்த இவள் ஆபிரகாமின் மகள் அல்லவா என்று கேட்டாரே, அந்தப் பெண் அங்கே என் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். தாயே, அந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற நிலையை எப்படி எழுதுவேன்! சுற்றி இடித்துக்கொண்டிருந்த கூட்டம் எனக்குத் தெரியவில்லை. புது நூல் வாங்கி மறுபடி அளந்தோம். மெழுகுதிரியை அவளே ஏற்றினாள்.

மாலைத் திருப்பலியில் குருவானவர் எல்லாரையும் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கச் சொன்னார். சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்ற கேள்விக்கு எத்தனையோ பாஸ்கா (ஈஸ்டர்) இரவுகளில் வாய்ப்பழக்கமாகப் பதில் சொன்னவன் நான். "விட்டுவிடுகிறேன்" என்று என் பக்கத்தில் அவள் சொன்ன குரலில் சத்தமில்லை, நடுக்கமும் இல்லை. நோயாளிகளுக்கு ஆசீர் வழங்கி வந்த குரு, அவள் தலைமேல் கைவைத்து, "பெயர் என்னம்மா?" என்று கேட்டார். அவள் தன் ஞானஸ்நானப் பெயரை முழுவதுமாகச் சொன்னாள்.

1858இல் லூர்தில் பெர்னதெத் என்ற பதினான்கு வயதுப் பெண், மாதா காட்டிய இடத்தில் சேற்றைத் தோண்டிக் குடித்தபோது, பார்த்தவர்கள் அவளுக்குப் பைத்தியம் என்றார்கள். அந்தச் சேற்றில்தான் ஊற்று தெளிந்து வந்தது. கெபி அருகே ஒரு குவளைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு, தங்கை தன் கைப்பையைத் திறந்து, இரவு மாத்திரையை எடுத்து அந்தத் தண்ணீரோடு விழுங்கினாள். அம்மா பார்த்திருந்தால் பூரித்துப் போயிருப்பார்.

தேநீர் கொடுத்த பாய்க்கு நன்றி, கூழ் ஊற்றிய பாட்டிக்கு நன்றி, பாகாயத்தில் எங்களோடு விழித்திருந்த செவிலியருக்கு நன்றி, எங்களை வெட்கப்படுத்தாமல் வேதம் சொல்லித் தந்த சாமிக்கு நன்றி. ஆண்டவரே, எத்தனை கைகளை நீர் எங்களுக்காக ஏற்பாடு செய்து வைத்திருந்தீர்!

அம்மா இறந்தபின் பூட்டியே கிடந்த அறையைத் தங்கை திறந்து, வெள்ளையடித்து, சுரூபத்தை முகம் தெரியும்படி மாட்டியிருக்கிறாள். இப்போது அவள் படுப்பது அங்கேதான். இரவு ஏழரைக்கு எல்லாரும் அந்த அறையில் கூடுகிறோம். எதிர்வீட்டுப் பிள்ளைகள் இருவரும் வந்துவிடுகிறார்கள். நேற்று அவள் விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே என்று தொடங்கினாள். "தீமையிலிருந்து எங்களை இரட்சித்தருளும்" என்ற இடத்துக்கு வரும்போது, சின்னவன் எல்லாருக்கும் முந்திக்கொண்டு ஆமென் என்றான்.