1.9 புதுசா, 1.10 புதுசா?

மதுரை கே.கே.நகரில் நான் வேலை பார்க்கும் பயிற்சி மையத்தில் 30 கணினிகள், எல்லாமே டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடுபவை. அவற்றுக்கு வேண்டிய மென்பொருள் பேக்கேஜ்களை எங்கள் சர்வரிலேயே சேர்த்து வைத்திருக்கிறோம். பழைய பதிப்புகள் குவிந்து டிஸ்க் நிரம்பவே, புதியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிக்க பெர்ல் என்ற நிரல் மொழியில் சுமார் 140 வரிக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அழிக்கிற வேலை என்பதால் தனியாக நம்பி ஓட்ட மனம் வரவில்லை. திருமங்கலத்தில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் பல வருடமாக டெபியன் பேக்கேஜ்களைப் பராமரிக்கிறார். அவரிடம் ரிவ்யூ கேட்டேன்.

இரண்டே நாளில் 17 குறிப்புகள் வந்தன. முதல் குறிப்பு ஒரு கேள்வி: "தம்பி, 1.9, 1.10 ரெண்டுல எது புதுசு? உன் ஸ்கிரிப்ட் எதை வச்சுக்குதுன்னு ஓட்டிப் பாரு."

சோதனைக்கு ஒரு தனி ஃபோல்டரில் ஓட்டினேன். 1.10 போய்விட்டது, 1.9 இருந்தது. எழுத்து எழுத்தாக ஒப்பிட்டால் 9-க்கு முன்னால் 1 வந்துவிடுகிறது. சரி, எண்ணாக ஒப்பிடலாம் என்று மாற்றினேன். அப்போதும் அதே கதிதான். எண்ணாகப் பார்த்தால் 1.10 என்பது வெறும் 1.1. டெபியன் இப்படிப் பார்ப்பதில்லை. பதிப்பு எண்ணைத் துண்டு துண்டாகப் பிரித்து, 9-ஐயும் 10-ஐயும் முழு எண்களாக ஒப்பிடுகிறது. ~ குறி இருந்தால் அந்தப் பதிப்பு பின்தங்கும்: 2.0~பீட்டா1 என்பது 2.0-க்கு முந்தியது. இத்தனை விதிகளையும் நானே எழுதப் பார்த்தேன். "வேண்டாம், டிபிகேஜிக்கான பெர்ல் மாட்யூல்லயே இந்த ஒப்பீடு இருக்கு, அதைக் கூப்பிடு" என்றார் அண்ணன். டிபிகேஜி என்பது டெபியனில் பேக்கேஜ்களை நிறுவும் கருவி. 40 வரி ஒரே வரியானது.

அடுத்த பெரிய குறிப்பில் நான் வாதாடினேன். பதிப்பு எண்ணை ஃபைலின் பெயரிலிருந்து எடுத்திருந்தேன். பெயர், பதிப்பு என்று நடுவில் அடிக்கோடு (_) போட்டுத் தெளிவாகத்தானே இருக்கிறது என்று கேட்டேன். அண்ணன் போனிலேயே கூப்பிட்டுவிட்டார். ஒரு மென்பொருளுக்கு 2019.3 என்று ஆண்டை வைத்து எண் கொடுத்து வந்தவர்கள், திடீரென்று 1.0 என்று புதிதாக ஆரம்பிக்கலாம். அப்போது பராமரிப்பவர் முன்னால் 1: என்று சேர்த்து, இதுதான் புதியது என்று காட்டுவார். எப்பாக் என்று அதற்குப் பெயர். அந்த 1: ஃபைலின் பெயரில் வராது, பேக்கேஜுக்கு உள்ளே இருக்கும் தகவலில்தான் இருக்கும். என் ஸ்கிரிப்ட் அந்த 1.0-வைப் பழசு என்று அழித்திருக்கும். பிறகு நான் எதுவும் பேசவில்லை. இப்போது ஒவ்வொரு பேக்கேஜையும் டிபிகேஜி-டெப் என்ற கட்டளை மூலம் திறந்து, பதிப்பை உள்ளிருந்தே படிக்கிறேன்.

அழிப்பதற்கு ஷெல் கட்டளையைக் கூப்பிட்டிருந்ததும் தவறு. ஒரே ஃபைலை பிரவுசரில் இரண்டாம் முறை இறக்கினால் பெயரில் இடைவெளியும் (1)-ம் ஒட்டிக்கொள்ளலாம். ஷெல்லுக்கு அது வேறு அர்த்தம். ஃபைலை அழிக்க பெர்லிலேயே இருக்கும் அன்லிங்க்கைப் பயன்படுத்தி, அழிந்ததா இல்லையா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கச் சொன்னார். தவறுகளைப் பிடித்துக் காட்டும் ஸ்ட்ரிக்ட், வார்னிங்ஸ் என்ற பெர்ல் வசதிகளைச் சேர்ப்பது, வரிகளைச் சீராக்குவது எல்லாம் ஒரு மணி நேர வேலை. மாறிகளுக்குத் தமிழ்ச் சொற்களில் பெயர் வைத்திருந்தேன், மற்றவர்களுக்குப் புரியாது என்று மாற்றச் சொன்னார். மாற்றினேன், ஆனால் அதில் எனக்கு இன்னும் முழு உடன்பாடு இல்லை.

கடைசியாக, அழிக்காமல் பட்டியலை மட்டும் காட்டும் வசதியைக் கேட்டார். சனிக்கிழமை மையம் பூட்டிய பிறகு அதை ஓட்டினேன். 61 பெயர்கள் வந்தன. அச்செடுத்து, ஒவ்வொன்றாகச் சர்வரோடு ஒத்துப் பார்த்து டிக் போட்டேன். அப்புறம்தான் நிஜமாக ஓட்டினேன். 17 குறிப்புகளில் ஒன்று பாக்கி: ஸ்கிரிப்டுக்கு உதவிப் பக்கம். அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.