மத்தியஸ்த சபை: கடதாசியில்தான் விசயம்

கைமாற்றாகக் கொடுத்த காசு, சீட்டுக் காசு, வேலி எல்லை, மாடு இறங்கி மேய்ந்த வயல். இப்படியான பிணக்கை முதலில் பேசித் தீர்க்கப் பார்க்கிற இடம் மத்தியஸ்த சபை. அங்கே போகாமல் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ நேரே நீதிமன்றம் போனால், 'மத்தியஸ்த சபைச் சான்றிதழ் எங்கே?' என்ற கேள்விதான் முதலில் வரும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டப்படி, குறித்த பெறுமதிக்கு உட்பட்ட பிணக்குகள் சபைக்குப் போன பிறகுதான் வழக்காகலாம். அந்த வரம்பு தொடக்கத்தில் 25,000 ரூபாய். 2016 திருத்தத்தில் 5 இலட்சமானது. சபைக்கு மனுப் போடும் நாளில் எவ்வளவு என்று பிரதேச செயலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேற்பட்ட தொகைக்கும் விரும்பினால் போகலாம். விவாகரத்துக்கும் காணியைப் பங்கு பிரிக்கும் வழக்குக்கும் இந்தச் சான்றிதழ் வேண்டியதில்லை. முஸ்லிம் விவாகரத்து காதி நீதிமன்றத்துக்கு உரியது.

மனுவில் எதிராளியின் பெயரை அடையாள அட்டையில் உள்ளபடி எழுதுங்கள். ஊரில் கூப்பிடும் பெயரைப் போட்டால் அழைப்புக் கடிதம் ஆளைத் தேடி அலையும். காசு கொடுத்த திகதி, தொகை, திரும்பி வந்தது, மிச்சம், இவ்வளவும் போதும். ஐந்து பக்கத்துக்குக் கோபத்தைக் கொட்டினால் யாரும் வாசிக்கப் போவதில்லை.

உங்கள் பிணக்கைப் பேச மூன்று மத்தியஸ்தர்கள் இருப்பார்கள். சபையின் மத்தியஸ்தர் பட்டியலில் இருந்து நீங்கள் ஒருவரையும் எதிராளி ஒருவரையும் சொல்லலாம். அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவுசெய்வார்கள். சொந்தக்காரரைச் சொல்லாதீர்கள், மறுபக்கம் அந்த இடத்திலேயே முறுக்கிக்கொள்ளும். சட்டத்தரணி உள்ளே வர முடியாது. இவர்கள் தீர்ப்புச் சொல்பவர்களும் இல்லை. அங்கே பேசியதை நீதிமன்றத்தில் சாட்சியாக எடுக்க முடியாது என்பதால், விட்டுக்கொடுத்துப் பேசினால் பிறகு வழக்குக் கெட்டுவிடும் என்று பயப்படத் தேவையில்லை.

அதிகம் பிழைப்பது உடன்பாட்டுக் கடதாசியில். 'வேளாண்மை வெட்டினதும் மிச்சக் காசு தருவேன்' என்று எழுதிக் கையொப்பம் வைத்தால், எந்தப் போகம், எவ்வளவு மிச்சம் என்று அடுத்த சண்டை தொடங்கும். 'மொத்தம் 90,000 ரூபாய். மாதம் 15,000 வீதம் 6 தவணை. ஒவ்வொரு மாதமும் 10ஆம் திகதிக்கு முன் இன்ன வங்கிக் கணக்கில்' என்று எழுதச் சொல்லுங்கள். கையில் வாங்குவதென்றால் ஒவ்வொரு தவணைக்கும் பற்றுச்சீட்டு. எல்லைப் பிணக்கென்றால் 'பழைய வேலிப்படி' என்பது உதவாது. நில அளவைப் படத்தின் இலக்கத்தையும் எந்தக் கல்லில் இருந்து எந்தக் கல் வரை என்பதையும் எழுத வேண்டும். வாசித்துக் காட்டும்வரை கையொப்பம் வைக்க வேண்டாம்.

இணக்கம் வராவிட்டாலும், எதிராளி தக்க காரணமின்றி வராமல் விட்டாலும், இணக்கமின்மைச் சான்றிதழ் கிடைக்கும். சிலர் அதைத் தோல்வி என்று நினைத்து வீட்டில் போட்டுவிடுகிறார்கள். அதுதான் வழக்குப் போடுவதற்கான கதவு. பெயர்களும் தொகையும் மனுவில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள். பிறகு நீதிமன்றத்தில் கொடுக்கும் வழக்குரையோடு பொருந்தாவிட்டால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும்.

வழக்குப் போடும் காலக்கெடு முடிந்துபோவதையும் மறக்க வேண்டாம். எழுத்தில் உள்ள கடனுக்கு 6 வருடம், வாய்ப்பேச்சுக் கடனுக்கு 3 வருடம். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போங்கள். வருமானம் பார்த்துத்தான் எடுப்பார்கள். கிராம உத்தியோகத்தரின் வருமானக் கடிதம், அடையாள அட்டை, சான்றிதழ் ஆகியவற்றின் மூலப்பிரதியையும் போட்டோக்கொப்பியையும் கொண்டுபோங்கள்.