சேறுதானே என்று மச்சான் சொன்னான்

போன ஞாயிறு மச்சான் பைக்கில் வடசென்னை எண்ணூர் கழிமுகம் பக்கம் போனோம். நீர் வற்றும் நேரம். ஓர் அக்கா இடுப்பளவு நீரில் உட்கார்ந்து, பிடித்ததைப் போடும் பனையோலைக் கூடையான பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். வலை கிடையாது, தூண்டில் கிடையாது.

"சும்மா கெடக்குற சேறுதானே மாமா, கம்பெனி வந்தா நாலு பேருக்கு வேலை கிடைக்கும்ல" என்றான் மச்சான்.

சும்மாவா கிடக்கிறது? பூண்டி ஏரியைத் திறந்தால் கொசஸ்தலையாற்றில் வரும் வெள்ளம் இங்கே பரந்து நின்று, கடல் வற்றும்போதுதான் வடிய முடியும், அந்தப் பரப்பில் மண்ணையும் அனல்மின் நிலையச் சாம்பலையும் கொட்டி மேடாக்கினால் தண்ணீர் எங்கே போகும், வீட்டுக்குள்தான் வரும். 2021 நவம்பரில் மணலி புதுநகர் மூழ்கியபோது என் சித்தி வீட்டில் கட்டில் மேல் அடுப்பு வைத்துச் சமைத்தார்கள்.

1996 கடலோர வரைபடத்தில் இந்தக் கழிமுகம் கட்டுமானம் கூடாத பகுதி. அப்புறம் என்ன ஆனது என்பதை அந்தச் சாம்பல் மேடுகளே சொல்லும். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் ஆலையிலிருந்து கசிந்த எண்ணெய் வேறு வந்து சேர்ந்தது.

நிலத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் வரைபடத்தில் வண்ணம் அடிக்கும் முன் ஒரு தடவை நீர் ஏறும்போதும் ஒரு தடவை வற்றும்போதும் இங்கே வந்து நிற்கட்டும். அலையாத்திக்கும் உப்பளத்துக்கும் "காலி நிலம்" என்று பெயர் வைக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

கிளம்பும்போது அக்காவிடம் இறால் கேட்டோம். கால் கிலோகூடத் தேறவில்லை.