கலாவாவிக் குளக்கட்டில் கேட்ட கதை

1979இல் எங்கள் உயர்தர வகுப்பை வரலாற்று மாஸ்ரர் சுற்றுலா கூட்டிப்போனார். எங்களுக்கெல்லாம் சிகிரியாக் குன்றில் ஏறுகிற அவசரம். அவரோ பஸ்ஸைக் கலாவாவி என்ற பழைய பெருங்குளத்தின் கட்டில் நிறுத்தினார். "மலை எங்கும் ஓடாது. முதலில் இதைப் பாருங்கோ" என்றார். கட்டிலேயே கட்டுச்சோற்றைப் பிரித்தோம். இலங்கையின் பழைய பாளி வரலாற்று நூலான சூளவம்சம் சொல்லும் தாதுசேனன் கொலையை அங்கேதான் கேட்டேன்.

அநுராதபுரத்தை ஆண்ட பாண்டியரை வென்று 5ஆம் நூற்றாண்டில் அரசேறியவன் தாதுசேனன். இந்த வாவியைக் கட்டியவனும் அவனே. இங்கிருந்து அநுராதபுரத்துத் திசாவாவிக்கு 87 கிலோமீற்றர் ஓடும் ஜயகங்கை வாய்க்கால், முதல் 17 மைலில் மைலுக்கு 6 அங்குலம்தான் சரிகிறது. அதைச் சொல்லும்போது மாஸ்ரர் கையைத் தட்டையாகப் பிடித்துக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

சேனாதிபதியின் பெயர் மிகார. அவன் அரசனுக்குச் சகோதரி மகன், மகளைக் கட்டியவனும்கூட. இரண்டு வழியிலும் மருமகன். குற்றமேதும் செய்யாத மனைவியை அவன் தொடையில் சவுக்கால் அடித்தான். மகளின் உடையில் இரத்தத்தைக் கண்ட அரசன், மிகாரவின் தாயை, தன் கூடப்பிறந்தவளை, எரிக்கச் சொன்னான். மாஸ்ரர் இதை மறைக்கவில்லை. குளம் கட்டிய அரசன் என்பதற்காக இதை மன்னிக்க என்னால் அன்றும் முடியவில்லை, இன்றும் முடியவில்லை. கொலை அங்கேதான் தொடங்கியது.

அரசனுக்கு முகலன், காசியப்பன் என்று இரண்டு மகன்மார். பட்டத்துக்குரிய முகலனின் தாய் அரசகுலத்தவள். காசியப்பனின் தாய் அப்படியல்ல. அந்தக் குறையை மிகார ஊதிப் பெருப்பித்தான். காசியப்பன் தந்தையைச் சிறையிலிட்டான், முகலன் இந்தியாவுக்குத் தப்பினான். புதையல் எங்கே என்று காசியப்பன் தந்தையைக் கேட்டபோது, கலாவாவிக்குக் கொண்டுபோனால் காட்டுகிறேன் என்றான் கிழவன். உடைந்த தேர் ஒன்றில் அனுப்பினார்கள். வழியில் தேரோட்டி தான் தின்றுகொண்டிருந்த பொரியில் கொஞ்சம் அரசனுக்கும் கொடுத்தானாம். இந்த இடத்தில் மாஸ்ரருக்குக் குரல் அடைத்துவிட்டது. நாங்களும் சோற்றில் கை வைத்தபடியே இருந்தோம்.

அரசன் வாவியில் இறங்கிக் குளித்தான், தண்ணீர் குடித்தான், என் செல்வம் இவ்வளவுதான் என்றான். பிறகு மிகார அவனைச் சங்கிலியிட்டுச் சுவரோடு வைத்துக் களிமண்ணால் பூசி மூடினான்.

சரி, கொன்றவனுக்கு என்ன கிடைத்தது? தம்பி படையோடு வருவான் என்ற பயத்தில் காசியப்பன் சிகிரியாக் குன்றில் ஏறிக்கொண்டான். அவன் திருத்திக் கொடுத்த விகாரையை ஏற்கப் பிக்குமார் தயங்கினார்கள். 18 ஆண்டு கழித்து முகலன் வந்தான். போரில் முன்னே சேறு தெரிந்து காசியப்பனின் யானை திரும்ப, அரசன் பின்வாங்குகிறான் என்று படை கலைந்தது. அவன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டான். முகலனும் இரக்கம் காட்டவில்லை. தந்தையின் கொலைக்குத் துணைநின்றவர்கள் என்று ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றானாம். தலைநகர் அநுராதபுரத்துக்குத் திரும்பியது, குன்று பிக்குமாருக்குப் போனது, கடற்கரைக்கும் காவல் வந்தது.

மாலையில் சிகிரியா ஏறினோம். ஓவியங்கள் அழகுதான். எனக்கோ, எந்தப் பக்கத்திலிருந்து தம்பி வருவான் என்று பார்த்து நின்றவனின் பயம்தான் அங்கே தெரிந்தது.

மூன்று வருடத்துக்கு முன் மகளைக் கூட்டிக்கொண்டு கலாவாவிக்குப் போனேன். துருசடியில், அதாவது மதகடியில், தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, பெண்கள் துணி தோய்த்துக்கொண்டிருந்தார்கள். குளக்கட்டில் உட்கார்ந்து, பொரி கொடுத்த தேரோட்டியிலிருந்து கதையைத் தொடங்கினேன்.