தறி போடும் வீடு: அம்மாப்பேட்டை நாட்குறிப்பு

செப்டம்பர் 21, 2025

சேலத்தில் அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை, குகைப் பக்கம் வாடகைக்கு வீடு தேடும் நெசவாளர் வீட்டுக்காரரிடம் முதலில் கேட்பது, "குழி போட்டுக்கலாங்களா?" தறியில் உட்காரும்போது காலை இறக்கி மிதிக்கும் குழி அது. சமையலறையும் மற்றதும் அப்புறம்தான். சேலை அகலத் தறிக்கு நீளம் 12 அடி, அகலம் 6 அடியாவது வேண்டும். சேலையில் பூவேலை விழவைக்கும் ஜக்கார்டு பெட்டியைத் தறிமேல் ஏற்றினால் கூரை உயரம் 10 அடிக்குக் குறையக்கூடாது. இப்போது கட்டும் தாழ்வான தளங்களில் பெட்டிக்கு மேலே டிசைன் அட்டை மாற்றக் கை நுழைவதில்லை. தறி நிறுத்த இடமில்லாத வீட்டில் நெசவுக் குடும்பம் நிற்பது கடினம். நெசவாளர் வீடு என்றால், தார் (ஊடை நூல் சுற்றும் சிறு குழல்) சுற்றும் பாட்டியும் தூளியில் கிடக்கும் குழந்தையும் தறியின் கண்பார்வையிலேயே இருப்பார்கள்.

செப்டம்பர் 25

குழி ஆழம் இரண்டிலிருந்து இரண்டரை அடி. விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் பாதம் மிதியில் தட்டையாகப் பதிய வேண்டும். ஆழம் கூடினால் முட்டி நீண்டு இடுப்பு பிடித்துக்கொள்ளும். குறைந்தால் மிதி முழுசாக இறங்காது, பாவு (நீளவாட்டு நூல்) மேலும் கீழுமாகப் பிரியும் வாய் சிறுத்து, ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடா நூலில் இடிக்கும்.

பக்கச் சுவருக்குச் செங்கல் வைக்கலாம். அடியில் சிமெண்ட் பூசிவிடாதீர்கள். மண்தரையிலிருந்து வரும் ஈரப்பதம் பருத்தி நூலுக்கு வலு. காய்ந்த நூல்தான் பட்பட்டென்று அறும். சித்திரை வெயிலில் குழிக்குள் ஈரச் சாக்கு விரித்து வைப்பதும் இதற்காகத்தான்.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

இன்று தறியைத் தொடுவதில்லை. நெய்த துணி சுற்றும் படைமரத்துக்குச் சந்தனம், குங்குமம். நாடாவும், பாவு நூல் நுழையும் சீப்பு போன்ற பண்ணையும் பூஜையில். சம்பந்தம் பேச வருகிறவர்களும் இந்தத் தெருக்களில், "எத்தனை தறி? சொந்தத் தறியா, கூலித் தறியா?" என்றுதான் விசாரிப்பார்கள். வீட்டின் மதிப்பு அங்கே அளக்கப்படுகிறது. சரியான அளவுகோல்தான் என்று நினைக்கிறேன். ஆனால் கூலித் தறி ஓட்டுகிறவரின் உழைப்பை அது குறைத்துப் பேசும்போது மனம் ஒப்பவில்லை.

அக்டோபர் 8

வீடு வாசற்படியோடு முடிவதில்லை. தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் வேலைக்கு அண்டை வீடுகளின் சம்மதம் வேண்டும். அந்த நேரம் வண்டி வராமல் பார்த்துக்கொள்வதும், நான்கு கை கொடுப்பதும் அவர்கள்தான். விடியற்காலையிலேயே தொடங்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பிரஷ் போடுமுன் கஞ்சி காய்ந்து நூலோடு நூல் ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரிக்க ஒரு பகல் போய்விடும். தெருவில் சண்டை இருந்தால் இந்த வேலை நடக்காது.

அக்டோபர் 19

ஐப்பசி மழை. சேர்வராயன் மலையில் கொட்டினால் திருமணிமுத்தாறு பெருகும். தாழ்ந்த தெருக்களில் குழிக்குள் ஊற்று எடுக்கும். முதலில் மிதியை அவிழ்த்து மேலே வையுங்கள். பாவைப் பழைய வேட்டியால் மூடுங்கள், ஜரிகை ஈரத்தில் கறுக்கும். தண்ணீரை இறைத்தபின் காய்ந்த மணலை ஒரு சாண் பரப்புங்கள். பருத்திக் கயிறு ஈரத்தில் சுருங்கி, பாவு நூலைத் தூக்கி இறக்கும் விழுது ஒருபக்கம் தூக்கிக்கொள்ளும். கயிறு காயாமல் முடிச்சைத் திருத்தினால் வெயில் வந்ததும் மறுபடி தொய்யும். குழிக்குள் காலை விடுமுன் விளக்கு அடித்துப் பாருங்கள், தேள் இருக்கும்.

அக்டோபர் 26

மாடி வீட்டில் குழி போட முடியாது, தரைமேல் மரச் சட்டத்தில் நிற்கும் சட்டத் தறிதான். தறியின் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் வைத்தால் பலகை அடிக்கும் அதிர்வு கீழ்வீட்டுக்குக் குறையும். கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவச மின்சாரம் உண்டு (2023 வரை 200). வாடகை வீட்டில் மின் இணைப்பு யார் பெயரில் என்பதை அட்வான்ஸ் கொடுக்குமுன் பேசிவிடுங்கள்.

காலி செய்யும்போது குழியை மூடித்தான் தர வேண்டும். அரை அடி மண், தண்ணீர், இடித்து இறுக்கத் திமிசுக் கட்டை. அப்புறம் அடுத்த அரை அடி. ஒரேயடியாகக் கொட்டிப் பூசினால் அடுத்த மழையில் மண் இறங்கித் தரை வெடிக்கும். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கப் போகும்போது அந்த வெடிப்பைத்தான் காட்டுவார்கள்.