ஒத்துக்காது என்ற ஒற்றைச் சொல்

ஜூன் 23, 2024

மதியம் இறால் தொக்கு. பையன் இரண்டாவது வாய் வைக்கும்போதே “நாக்கு அரிக்குதும்மா” என்றான், காரம் போல என்று தண்ணீர் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் கழுத்திலிருந்து இடுப்புவரை திட்டுத்திட்டாகத் தடிப்பு, வாந்தி, குரல் கம்மிவிட்டது. அத்தை காணாக்கடி, ஏதோ பூச்சி தெரியாமல் கடித்திருக்கும் என்று வெற்றிலையில் மிளகு மடிக்கப் போனார்கள். பொங்கல் சமயத்தில் இதே மாதிரி தடித்தபோதும் அதைத்தான் கொடுத்தோம், தானாக அடங்கியது, அன்றைக்கும் இறால்தான் என்பது ஆட்டோவில் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. ஆஸ்பத்திரியில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள், மூச்சு சீரானது. அடங்கியபின் திரும்ப வரலாம் என்று இரவு அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

ஜூன் 24

நேற்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் நான் கொடுத்த செட்டிரிசின் என்ற அலர்ஜி மருந்து பற்றி டாக்டரிடம் கேட்டேன். அது அரிப்பைத்தான் குறைக்கும், தொண்டை வீங்கினால் காப்பாற்றாது, அதற்கு அட்ரினலின்தான் என்றார். இதைப் படிக்கும் அம்மா அப்பாக்கள் தயவுசெய்து இந்த ஒரு வரியை மட்டுமாவது மனதில் வையுங்கள்.

ஜூலை 12

தோல் பரிசோதனை. ஒரு வாரம் முன்பே அலர்ஜி மாத்திரைகளை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். முன்கையில் பேனாவால் எண் போட்டு, பக்கத்தில் ஒவ்வொரு சொட்டு, அதன்மேல் சின்னக் குத்து, 15 நிமிடம் சொறியாமல் இருக்க வேண்டும். உப்புத்தண்ணீர் குத்திய இடம் அப்படியே இருந்தது, இறால் குத்திய இடம் கொசுக்கடி மாதிரி வெளுத்து வீங்கியது, வீட்டுத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிக்கும் வீக்கம். இறாலின் தசையில் இருக்கும் டிரோபோமயோசின் என்ற புரதம் தூசிப்பூச்சியிலும் கரப்பானிலும் கிட்டத்தட்ட அதே உருவில் இருக்கிறதாம். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது பெரிதாக அழியாது, அதனால் “நல்லா வேகவச்சா சாப்பிடலாம்” என்பது இவனுக்குப் பொருந்தாது. முட்டைக்கும் லேசாகத் தடித்தது, ஆனால் தினமும் முட்டை சாப்பிட்டு ஒன்றும் ஆகாத பிள்ளைக்கு அதை நிறுத்த வேண்டாம், சோதனையில் தடித்தாலே அலர்ஜி என்று அர்த்தமில்லை என்றார் டாக்டர். எனக்கு அங்கேதான் பாதி உயிர் வந்தது.

ஜூலை 14

அத்தைக்கும் பால் ஒத்துக்காது. “அப்போ எனக்கும் ஊசி வேணுமா?” என்று கேட்டார்கள், பாவம், பயந்துவிட்டார்கள். அவர்களுக்கு ஒரு டம்ளர் பால் குடித்தால் ஒரு மணி நேரம் கழித்து வயிறு உப்பும், வயிற்றுப்போக்கு போகும், ஆனால் அரை டம்ளர் காபி, தயிர் எல்லாம் சரி. பால் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதி குடலில் குறைந்துபோனதால் வருவது இது. தயிரில் அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியை நுண்ணுயிர்களே தின்றுவிடுகின்றன. அவஸ்தைதான், உயிருக்கு ஆபத்தில்லை. பையனுக்கோ உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இறாலை எதிரியாக நினைத்துப் பாய்கிறது, அங்கே கொஞ்சம் அதிகம் என்ற கணக்கே கிடையாது. இரண்டுக்கும் நாம் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஜூலை 20

நாத்தனார் ரத்தம் கொடுத்து ‘உணவு ஒவ்வாமை’ ரிப்போர்ட் வாங்கி வந்திருக்கிறாள். ரத்தத்தில் உள்ள ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் சோதனை. கோதுமை, துவரம்பருப்பு, தக்காளி என்று ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு. ஐஜிஜி என்பது நாம் அந்த உணவைச் சாப்பிட்டு வந்திருக்கிறோம் என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். அலர்ஜிக்குப் பார்ப்பது ஐஜிஇ என்ற வேறு வகை எதிர்ப்புப் புரதம். மூன்று வாரமாகக் கஞ்சி குடித்து இளைத்துப்போயிருக்கிறாள், எனக்கு ஆத்திரமாக வந்தது. நாளை அவளையும் டாக்டரிடம் அழைத்துப் போகிறேன்.

ஜூலை 27

அட்ரினலின் ஆம்பூல் (மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி) இரண்டு, சிரிஞ்சு, டாக்டர் எழுதிய அளவுச் சீட்டு, எல்லாம் அவனுடைய பழைய பென்சில் டப்பாவில். ஊசி போடுவதை ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகினோம், அத்தையும்தான். காலாவதித் தேதியைத் தினசரி காலண்டர் அட்டையில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன்.