சரிங்க ஐயா

நியூ ஜெர்சி நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கத் தொடங்கிய புதிதில் நடந்தது. "பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு" என்று நான் சொன்னதும், எதிரே இருந்த பெரியவர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். அவர் காதில் விழுந்தது "பேசாம இருங்க" மட்டும்தான். நம் வீடுகளில் அப்பா போடும் அதட்டல் அது. அடுத்த முறை முதல் "பதில் சொல்லாமல் இருக்க" என்று மாற்றிக்கொண்டேன். ஒரு சொல்தான். ஆனால் அந்தக் குனிந்த தலையை இன்னும் மறக்க முடியவில்லை.

அந்த வரிக்காகவே அமெரிக்க அரசியலமைப்பை உட்கார்ந்து படித்தேன். 1787இல் பிலடெல்பியாவில் கையெழுத்தானபோது அதில் உரிமைகளின் பட்டியல் இல்லை. ஜார்ஜ் மேசன் கையெழுத்திட மறுத்ததற்கு அந்தக் குறையும் ஒரு காரணம். முதல் பத்துத் திருத்தங்கள் 1791இல் வந்தன. "உரிமை வழங்குகிறோம்" என்று அவற்றில் எங்கும் கிடையாது. உரிமை ஏற்கெனவே மனிதரிடம் இருக்கிறது, அரசு அதில் கை வைக்கக் கூடாது என்பதே தொனி. குற்ற வழக்கில் தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்ல எந்த நபரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது ஐந்தாம் திருத்தம். "குடிமகன்" என்று அங்கே எழுதவில்லை, "நபர்" என்றுதான் இருக்கிறது. விசாவோடு நிற்பவருக்கும் விசா முடிந்து நிற்பவருக்கும் அந்தச் சொல்தான் காவல். ஆனால் இந்த வரி மாநில நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1964இல்தான். எழுதியதற்கும் நடைமுறைக்கும் நடுவில் இத்தனை தலைமுறைகள் போயின என்பது எனக்கு வருத்தம்தான்.

வேலையில் எனக்கு மிகவும் கனமானது, குற்றத்தை ஒப்புக்கொள்ளும் விசாரணை. ஜூரி விசாரணையைக் கைவிடுகிறீர்கள், புரிகிறதா? சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்வதைக் கைவிடுகிறீர்கள், புரிகிறதா? நீதிபதி ஒவ்வொன்றாகக் கேட்பார். (ஜூரி என்பது, ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு.) ஒருவர் எல்லாவற்றுக்கும் "சரிங்க ஐயா" என்றே சொன்னார். (என்ன வழக்கு என்று நான் சொல்லக் கூடாது.) நானும் "யெஸ், சார்" என்று சொல்லிக்கொண்டே போனேன். ஆனால் அது புரிந்தவர் சொல்லும் "சரி"யாக எனக்குப் படவில்லை. தாலுகா ஆபீஸில் கைகட்டி நிற்பவர் சொல்லும் சரி அது.

விளக்கம் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அப்போதுதான் நெக்ரோன் வழக்கு நினைவுக்கு வந்தது. போர்ட்டோ ரிகோவிலிருந்து வந்த அந்த இளைஞருக்கு ஆங்கிலம் தெரியாது. 1967இல் நியூயார்க்கில் அவர் மீது கொலை வழக்கு நடந்தபோது பெரும்பாலான சாட்சிகள் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். இடைவேளையில் சுருக்கமாக ஏதோ எடுத்துச் சொன்னதோடு சரி. சாட்சிகளை எதிர்கொள்ளும் உரிமையே அவருக்கு மறுக்கப்பட்டது என்று 1970இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 1978இல் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் சட்டமும் வந்தது. நான் அந்த இடத்தில் நிற்பதே அவரைப் போன்றவர்கள் பட்ட பாட்டால்தான்.

தொழில் முறைப்படி என்னையே படர்க்கையில் வைத்து, "மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தெரிவிக்க விரும்புகிறார். இந்தப் பதில் மரியாதைக்காகவும் சொல்லப்படுவதுண்டு" என்றேன். தொண்டை வறண்டிருந்தது.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "ஜூரி விசாரணை என்றால் என்னவென்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்றார்.

வெகுநேரம் கழித்து, "தெரியலைங்க ஐயா" என்றார் அவர்.

வக்கீலோடு பேச அரை மணி நேரம் கிடைத்தது. சின்ன அறை. வக்கீல் ஒரு மஞ்சள் தாளில் பன்னிரண்டு வட்டங்கள் போட்டுக் காட்டினார். அந்த மனிதர் ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார்.

"பன்னிரண்டு பேரும் ஒத்துக்கணுமா?" என்றார். அப்புறம், கொஞ்சம் நிமிர்ந்து, "ஒருத்தர் மாட்டேன்னு சொன்னா?" என்று கேட்டார்.

அதை மொழிபெயர்த்தேன்.